வெள்ளம் நூல் பிடித்து ஓடாது

(பெங்களூரு மர்பி டவுன் வளைவுத்தெரு நலச் சங்கத்தின் பொங்கல் விழாவில், 2001 ஜனவரியில், பொறியாளர் காந்தா ஆற்றிய உரை)

வீற்றிருக்கும் விதத்திலேயே எங்களையெல்லாம் அடக்கி உட்கார வைத்திருக்கும் விழாத் தலைவர், பெரியவர் சுந்தரேசன் ஐயா அவர்களே! என் இடப்பக்கம் அமர்ந்திருக்கும் எங்கள் அலுவலகத் தலைவரும், என் முன்கோபத்தைப் பதினாறு ஆண்டுகளாகப் பொறுத்து வருபவருமான சீனிவாசராகவன் அவர்களே! முப்பத்திரண்டு வீடுகளிலிருந்தும் முந்திக்கொண்டு வந்து முன்வரிசையை முற்றுகையிட்டிருக்கும் தாய்மார்களே! பீன்யா தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்து, சீருடையைக்கூட மாற்றாமல் சாமியானாவின் ஓரத்தில் நிற்கும் தொழிலாளத் தோழர்களே! பொங்கல் பானை பொங்கிய கையோடு ஓடிவந்த பெரியோர்களே! அனைவருக்கும் ஜோகுபாளையத்துக்காரியின் ஈரம் காயாத வணக்கம்!

என்ன, பின்னால் கேட்கவில்லையா? மைக்கைக் குறை சொல்லாதீர்கள். என் தொண்டைக்கு மைக்கே வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இப்போது கேட்கிறதா? கேட்கிறது!

வரும் வழியில் பேனர் பார்த்தேன். என் படத்தைவிடப் பெரிய எழுத்தில், 'வளைவுத்தெரு காத்த வீராங்கனை' என்று போட்டிருக்கிறீர்கள். வீராங்கனையா? நானா? ஆட்டோவைத் திருப்பி வீட்டுக்கே போய்விடலாமா என்று யோசித்தேன் தோழர்களே! ஏன் தெரியுமா? கைதட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

தொண்ணூற்றொன்பதாம் வருடம் ஒரு அறிக்கை போனது. உங்கள் வீடுகளுக்கு நடுவே ஓடுகிறதே பெரிய மோரி, மழைநீர்ச் சாக்கடை, அதன் வெள்ளம் அடங்க வேண்டுமானால், மோரியை அகலப்படுத்த வேண்டும். அகலப்படுத்த வேண்டுமானால், வளைவின் இரண்டு கரையிலும் இருக்கும் முப்பத்திரண்டு வீடுகளையும் இடிக்க வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னது. அதை நம்பித்தானே உங்கள் கதவுகளில் நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள்? அதை நம்பித்தானே ஐந்து மாதம் நீங்கள் உண்ணவும் முடியாமல், உறங்கவும் முடியாமல் கிடந்தீர்கள்? எந்தப் பாவி எழுதினான் என்று இதே தெருவில் மண்ணை வாரித் தூற்றினீர்களே, நினைவிருக்கிறதா? அந்தப் பாவி ஆண்பிள்ளை அல்ல. அதற்குக் கணக்குப் போட்டவள் நான்! அதை எழுதியவள் நான்! அதன் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவள் நான்!

இந்த மேடையில் உண்மையைச் சொல்லாமல் உங்கள் மாலையை வாங்கினால் அது என் கழுத்தில் நிற்காது. தலைவர் ஐயா என்னைக் கவலையோடு பார்க்கிறார். பயப்படாதீர்கள் ஐயா, கல் வந்தால் எனக்குத்தான் வரும்.

தண்ணீரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? மழை நாளில் மோரி ஓரமாக நின்று ஒரு காகிதத்தைப் போட்டுப் பாருங்கள். அது நேராகவா போகிறது? முன்னே பாயும், பின்னே வரும், சுற்றும், சுழலும், முங்கும், முளைக்கும்! பெரிய சுழிக்குள் சின்னச் சுழி, சின்னச் சுழிக்குள் இன்னும் சின்னச் சுழி! இதற்குக் கொந்தளிப்பு ஓட்டம் என்று பெயர். உலகத்தில் எத்தனையோ மேதைகள் மண்டையை உடைத்துக்கொண்டும் இன்னும் முழுதாகப் பிடிபடாத முரட்டுக் கணக்கு இது! இருபது வருடமாக நான் இதன்மேல் பைத்தியமாக இருக்கிறேன். கல்யாண வீட்டில் கைகழுவும் தொட்டியைக்கூட நின்று பார்ப்பேன். பந்தியில் இலை போட்டுவிட்டு என்னைத் தேடுவார்கள்.

இந்தக் கொந்தளிப்பைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவதுதான் எங்கள் தொழில். உங்கள் மோரியை இருபதாயிரம் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டுவோம். ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, எத்தனை வேகம், எத்தனை சுழிப்பு என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். ஒரு தடவை கணக்கை ஓட்டி முடிக்க மூன்று நாள் ஆகும். இரண்டாம் நாள் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்! அதற்காகவே எங்கள் கிஷோர், நாமக்கல்காரர், மானிட்டருக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறார். சிரிக்காதீர்கள், அவர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் கம்ப்யூட்டருக்கு உங்கள் தெரு தெரியாது. முன்பு ஒரு வெள்ளம் எதுவரை வந்தது என்று நாம் அளந்து கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் சொல்லும் மட்டமும் நாம் அளந்த மட்டமும் ஒன்றாக வரும்வரை, மோரியின் சொரசொரப்புக்கான எண்ணைக் கூட்டிக் குறைத்துச் சரிபார்க்க வேண்டும். அந்த எண் கூடினால் தண்ணீர் தடைபட்டு மட்டம் ஏறும். இரண்டும் ஒத்துப்போனால்தான் அடுத்த வெள்ளத்தைப் பற்றி அது சொல்வதை நம்பலாம். அளவு பிழைத்தால் அத்தனையும் பிழை!

தொண்ணூற்றெட்டு அக்டோபரில் வந்த வெள்ளம் உங்களுக்கு மறந்திருக்காது. நாலு மாதம் கழித்து எங்கள் ஆட்கள் இரண்டு பேர் அளவுகோலோடு வந்தார்கள். நான் வந்தேனா? வரவில்லை! ஜோகுபாளையத்திலிருந்து இங்கே நடந்தால் கால் மணி நேரம். வேலை, வேலை என்று நாற்காலியை விட்டு எழவில்லை. வந்தவர்கள் என்ன பார்த்தார்கள்? ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் கீழே காவி நிறம், மேலே வெள்ளை. காவி எங்கே முடிகிறதோ அதுதான் செம்மண் வெள்ளம் தொட்ட இடம் என்று எழுதிக்கொண்டார்கள். நீங்களும் லேசுப்பட்டவர்களா? "தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டால், "அதோ, அந்தச் செவப்பு வரைக்கும் சார்!" என்று கை காட்டியிருக்கிறீர்கள்! யார் அங்கே தலையைக் குனிவது? குனிய வேண்டாம் அம்மா. அரசாங்க வேலையாக யாராவது வந்தால் ஒரு சாண் கூட்டிச் சொல்வது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான்.

முப்பத்திரண்டு வீடு, முப்பத்திரண்டு அளவு. எல்லாம் தரையிலிருந்து இரண்டரை அடி! அந்த இரண்டரை அடியைக் கம்ப்யூட்டரில் கொண்டுவர நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! சொரசொரப்பு எண்ணைக் கூட்டினோம், போதவில்லை. இன்னும் கூட்டினோம், போதவில்லை. கடைசியில், மரமும் முள்ளும் மண்டிய காட்டாற்றுக்குப் போடும் எண்ணை, கருங்கல் சுவர் கட்டிய உங்கள் மோரிக்குப் போட்டோம்! அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? கருங்கல் எப்படி அம்மா காடாகும்? 'குப்பை அதிகம் போல' என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மட்டம் பொருந்தியது. கையெழுத்துப் போட்டேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவசரக்காரிக்கும் அதே மட்டுத்தான்!

அந்த அறிக்கைக்குப் போட்டது எளிய கணக்கு. சுழி, சுழிப்பு எதுவும் அதில் கிடையாது. வீடுகளை இடிப்பதா என்று முடிவெடுக்கும் அரசாங்கக் கமிட்டியின் கடைசிக் கூட்டத்துக்கு வண்ணப் படம் காட்ட வேண்டும் என்பதற்காக, சுழிப்பெல்லாம் சேர்ந்த பெரிய கணக்கையும் ஓட்டினோம். மூன்றாம் நாள் காலை கிஷோர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

"மேடம், புரோகிராம்ல எங்கயோ பக் இருக்குதுங்க. வளைவுல வெளிப்பக்கம் தண்ணிய முக்கா அடி தூக்கிக் காட்டுதுங்க. நம்ம அளவுல ரெண்டு கரையும் ஒரே மட்டமா இருக்குதுங்களே!"

"அப்ப பக்கைக் கண்டுபிடிங்க கிஷோர்!" என்று நான் கத்தினேன்.

பக் என்றால் புரோகிராமில் ஒளிந்திருக்கும் பிழை. ஒரு வாரம் தேடினோம் தோழர்களே! ஒன்பதாயிரம் வரி புரோகிராமை ஒவ்வொரு வரியாகப் படித்தோம். சரியாகச் சொன்ன கம்ப்யூட்டரைப் பிழையாகச் சொல்ல வைக்கப் படாத பாடு பட்டோம்! தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். நாலாவது காலைக் கண்ணால் பார்த்த பிறகும் அதை வெட்டப் போனவர்கள் நாங்கள்!

சிவாஜி நகர் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருக்கிறீர்களா? பஸ் வளைவில் திரும்பும்போது எந்தப் பக்கம் சாய்வீர்கள்? வெளிப்பக்கம்! தண்ணீரும் அப்படித்தான். வளைவில் வெளிக்கரையில் ஏறும், உட்கரையில் இறங்கும். இதைப் படித்தவள் நான், பல பேருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான். ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில் விழுமாம் துள்ளி! பக் கிடைக்காத எரிச்சலில் ஒரு நாள் மதியம் செருப்பை மாட்டிக்கொண்டு இங்கே கிளம்பி வந்தேன். சரியாக ஒரு வருடம் முன்பு, போகிக்கு இரண்டு நாள் இருக்கும்போது.

வந்து பார்த்தால் தெருவே வெள்ளையடிப்பில் இருக்கிறது. உங்கள் சின்னப்பா அண்ணன், இதோ உட்கார்ந்திருக்கிறாரே, இவர் கையில் காவியில் தோய்த்த நூல். ஒரு முனையை ஒருவர் பிடிக்க, மறு முனையை இவர் பிடித்து இழுத்து, சுவரில் சுண்டினார்! சடக்! ஒரு சிவப்புக் கோடு! கோட்டுக்குக் கீழே காவியடிக்க ஆரம்பித்தார்கள். நான் அவரிடம் ஓடினேன்.

"அண்ணே, இது என்ன கோடு?"

"பட்டைக்கு நூல் அடிக்கிறேன் மேடம். வருசா வருசம் பொங்கலுக்கு அடிப்பேன். வெள்ளக் கறை தெரியக் கூடாதில்ல?"

"எந்த உயரத்துல அடிப்பீங்க?"

"கறை ஜாஸ்தி லட்சுமம்மா வூட்லதான், வெளிவளைவு மூலையில. அதுக்கு மேல ஒரு சாண் வுட்டு வச்சிருவேன். அப்பறம் டியூப்ல தண்ணி ஊத்தி லெவல் புடிச்சு, அதே மட்டத்துல ரெண்டு கரைக்கும், முப்பத்திரண்டு வூட்டுக்கும் அடிப்பேன். ஏத்தம் எறக்கமா இருந்தா தெரு பாக்கவே பேஜாரா இருக்கும் மேடம்!"

ஐயோ! ஐயையோ! நான் அளந்தது வெள்ளத்தை அல்ல, வெள்ளையடிப்பை! நான் கம்ப்யூட்டரில் ஏற்றியது மழையின் மட்டத்தை அல்ல, சின்னப்பாவின் மட்டத்தை! நூல் பிடித்தாற்போல் இருக்கிறதே என்று பெருமைப்பட்டேன். நூல் பிடித்துத்தானே அடித்திருக்கிறார்! எந்த வெள்ளமாவது நூல் பிடித்து ஓடுமா? சுழன்று வருவது வெள்ளம், சுவரில் ஏறுவது வெள்ளம், வளைவில் சாய்வது வெள்ளம்! இரண்டு கரையிலும் ஒரே மட்டத்தில் நிற்பது பெயிண்ட்!

சின்னப்பா அண்ணன் எழுந்து கும்பிடுகிறார். உட்காருங்கள் அண்ணே, உங்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. அத்தனை சுத்தமான வேலை செய்தீர்கள், அதனால்தான் நாங்கள் ஏமாந்தோம்.

நான் தெருவிலேயே தலையில் கைவைத்து நின்றேன். அப்போது லட்சுமம்மா வெளியே வந்தார்.

"இன்னா மேடம், சும்னே பெயிண்டையே பாத்துக்கினு நிக்கிறீங்கோ? வெயில்ல மயக்கம் வரப்போவுது. உள்ள வாங்கோ."

உள்ளே போனேன். தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுத் திரும்பினேன், கதவு தெரிந்தது. கதவின் பின்பக்கம்! யாராவது கதவின் பின்பக்கத்துக்கு வெள்ளையடிப்பார்களா? அந்தப் பழைய மரத்தில், தரையிலிருந்து ஒன்றேமுக்கால் அடியில், சேறு எழுதிய கோடு! பட்டை இரண்டரை அடி, உண்மை ஒன்றேமுக்கால் அடி! நான் போட்ட கூச்சலில் லட்சுமம்மா பயந்து, "பாம்பா?" என்று கேட்டார். பாம்பு இல்லை அம்மா, தெய்வம் என்றேன்.

மறுநாள் கிஷோரும் நானும் முப்பத்திரண்டு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் உட்கார்ந்து அளந்தோம். பொங்கல் வேலையில் நீங்கள் இருந்தீர்கள், ஒவ்வொரு வீட்டிலும் காபி கொடுத்தீர்கள். வெளிக்கரையில் ஒன்றரை அடி, ஒன்றேமுக்கால் அடி. உட்கரையில் முக்கால் அடி, ஒரு அடி! கம்ப்யூட்டர் காட்டிய அதே சாய்வு! காட்டாற்று எண்ணைக் கழற்றி எறிந்தோம், கருங்கல்லுக்குரிய எண்ணைப் போட்டோம், பெரிய கணக்கை மறுபடி ஓட்டினோம். மூன்று நாள்! கரண்ட் போகக் கூடாதே என்று நான், கடவுள் நம்பிக்கை கொஞ்சம் கம்மியான நான், கிஷோரின் குங்குமத்தை எடுத்து எனக்கும் வைத்துக்கொண்டேன். விடை வந்தது. லட்சுமம்மா வீட்டில் கதவு சொன்னது ஒன்றேமுக்கால் அடி. கம்ப்யூட்டர் சொன்னது அதற்கு அரை அங்குலம் குறைவு! அரை அங்குலம் தோழர்களே! நாங்கள் இரண்டு பேரும் நாற்காலியை விட்டுக் குதித்தோம்.

இப்போது தட்டுங்கள் கையை! இது எனக்கல்ல, தண்ணீருக்கு!

குதித்து முடிந்ததும் இன்னொன்று தெரிந்தது. வளைவைத் தாண்டிச் சின்னப் பாலத்தடியில், மோரிக்குக் குறுக்கே தாழ்வாக ஒரு தடித்த குழாய் போனதல்லவா? மோரி முழுவதும் காடு என்று நான் சொல்லி வைத்திருந்ததால், உண்மையான தடை அந்தப் பொய்க் காட்டுக்குள் ஒளிந்துகொண்டது. காட்டை எடுத்ததும் குழாய் அகப்பட்டது! வெள்ளம் அதில் முட்டுகிறது, குப்பை மாட்டுகிறது, தண்ணீர் பின்வாங்கி உங்கள் வளைவில் ஏறுகிறது. குழாயை அப்படியே விட்டு உங்கள் வீடுகளை இடித்தால் வெள்ளம் எவ்வளவு குறையும் என்று ஓட்டிப் பார்த்தோம். மூன்று விரல்! வீடுகளை விட்டுவிட்டுக் குழாயை மட்டும் தூக்கினால்? ஒன்றரை அடிக்கு மேல்!

மூன்று விரல் தண்ணீருக்காக முப்பத்திரண்டு குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியிருப்பேன் நான்.

கமிட்டிக்கு நாலே நாள் இருந்தது. சீனிவாசராகவன் சாரிடம் போய் அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். மேடையில் வைத்துச் சொல்கிறேன், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கினா, நாளைக்கு நம்மை எவன் நம்புவான் காந்தா? தப்பு எங்கேன்னு கேட்டா என்ன சொல்லப்போறே?"

"பெயிண்டை அளந்தோம்னு சொல்லப்போறேன் சார்."

அறிக்கையை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நீ மட்டும் தனியாப் போய் அவமானப்பட வேண்டாம். நானும் வரேன்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக இந்தச் சபையில் அவரைக் கைகூப்பி வணங்குகிறேன்.

கமிட்டியில் எல்லாவற்றையும் சொன்னோம். ஒரு அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கன்னடத்தில் கேட்டார்: "பெயிண்ட் அளெத்ரா, மேடம்?" அறையே சிரித்தது. காது மடல் எரிய எரிய, "ஹௌது சார், பெயிண்ட்தான் அளந்தேன்" என்றேன். சிரித்து முடித்த அதே அதிகாரிதான் மறுநாள் நேரில் வந்து கதவுகளைப் பார்த்தார், பாலத்தடியில் குனிந்து குழாயையும் பார்த்தார். கோடை முடிவதற்குள் குழாயை மேலே தூக்கிக் கட்டினார்கள்.

போன அக்டோபரில் ஒரு மதியம் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியதே! லட்சுமம்மா வீட்டு வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். பாயும் வெள்ளம், பதறும் உள்ளம்! ஏறியது, ஏறியது, வெளிக்கரையில் சாய்ந்து சாய்ந்து ஏறியது! வாசற்படியின் கீழ்விளிம்போடு நிற்கும் என்று சொல்லியிருந்தோம். அதற்கும் நாலு விரல் கீழே நின்றது. முப்பத்திரண்டு வீட்டில் ஒரு வீட்டிலும் தரை நனையவில்லை! எங்கள் கணக்கு நாலு விரல் தப்பு. இத்தனை சந்தோஷமாக நான் எந்தத் தப்பையும் செய்ததில்லை.

இத்தோடு முடிந்ததா? வீடு பிழைத்தது, விழா எடுத்தோம், வீட்டுக்குப் போவோம் என்று இருந்துவிடலாமா? கூடாது! கமிட்டி திட்டத்தைக் கைவிட்டது உண்மை. ஆனால் என் பழைய அறிக்கை இன்னும் ஏதோ ஒரு அலமாரியில் இருக்கிறது. காகிதம் சாகாது தோழர்களே! பத்து வருடம் கழித்து இந்த இடத்தின்மேல் யாருக்காவது கண் விழும். அன்றைக்கு அலமாரியைத் திறப்பார்கள், தூசி தட்டுவார்கள், 'பொறியாளரே இடிக்கச் சொல்லியிருக்கிறார், பாருங்கள் கையெழுத்து' என்பார்கள். என் கையெழுத்தைக் காட்டியே உங்கள் வீட்டை இடிப்பார்கள். அதற்கு நான் விடலாமா?

இதோ, இந்தப் பையில் முப்பத்திரண்டு உறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கடிதம், தமிழில் ஒரு பக்கம், கன்னடத்தில் ஒரு பக்கம். 'அந்த அறிக்கை தவறானது. வீட்டுச் சுவரில் அடித்த வர்ணத்தை வெள்ளத்தின் அளவு என்று நான் தவறாக எடுத்துக்கொண்டேன். இந்த வீட்டை இடிக்க வேண்டிய தேவை இல்லை.' இவ்வளவுதான் அதில் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு கடிதத்திலும் உங்கள் வீட்டு நம்பர், உங்கள் கதவில் நாங்கள் அளந்த அளவு, கீழே என் பெயர், என் வீட்டு விலாசம், என் போன் நம்பர். முப்பத்திரண்டு தடவையும் நானே கையெழுத்துப் போட்டேன், ஒவ்வொரு தடவையும் படித்துவிட்டுப் போட்டேன்.

ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். யாராவது என் பழைய கையெழுத்தைக் கொண்டுவந்து நீட்டினால், என் புதுக் கையெழுத்தை எடுத்து நீட்டுங்கள். அதற்கும் கேட்காவிட்டால் எனக்குப் போன் போடுங்கள். எழுபது வயதானாலும் வருவேன், கைத்தடி ஊன்றியாவது வருவேன், அந்த அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்று 'தப்புச் செய்தவள் நான்தான் ஐயா, இவர்கள் அல்ல' என்று சொல்வேன்!

கைதட்டியவர்களுக்கு நன்றி, கோபத்தில் கைகட்டி உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதைவிட நன்றி. சொல்ல இடம் கொடுத்த சங்கத்துக்கும், குறுக்கே பேசாமல் பொறுத்த தலைவர் ஐயாவுக்கும், பசியோடு கேட்டிருந்த தாய்மார்களுக்கும் என் நன்றியும் பொங்கல் வாழ்த்தும் வணக்கமும். வீட்டு நம்பர் ஒன்று, லட்சுமம்மா, முதலில் நீங்கள் வாருங்கள். வந்து உங்கள் கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.